எம்எஃப் டூம்: பெரிய ஹிட் ஒன்றுகூட இல்லாதவரை எல்லா ராப்பர்களும் ஏன் ஆசான் என்கிறார்கள்?

கேள்வி இதுதான்: “இரும்பு முகமூடி போட்ட எம்எஃப் டூம் என்பவரை எந்த ராப்பரைக் கேட்டாலும் ஆசான் என்கிறார்கள். தேடிப் பார்த்தால் பெரிய ஹிட் பாட்டு ஒன்றுகூட இல்லை. அப்படி என்னதான் செய்தார்? கேட்பதாக இருந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது?”

நியாயமான கேள்விதான். ‘மேட்வில்லனி’ ஆல்பத்தை முதல்முறை கேட்டபோது நானே ஐந்தாவது பாட்டோடு நிறுத்திவிட்டேன். முடிக்காத கோப்பு எதையோ தவறுதலாக இறக்கிவிட்டோம் என்றுதான் நினைத்தேன். பல பாட்டுகள் இரண்டு நிமிடம்கூட ஓடுவதில்லை. கோரஸ், அதாவது திரும்பத் திரும்ப வரும் பல்லவி, எப்போது வரும் என்று காத்திருக்கும்போதே பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கிவிடுகிறது. பாடுகிறவரோ அப்போதுதான் தூங்கி எழுந்து வந்தவர்போலப் பேசுகிறார். ஒரு மாதம் கழித்து, வேறு ஏதோ வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிட்டிருந்தேன். அப்போதுதான் அந்த ஆள் ஒரே வரிக்குள் எத்தனை ஒலிகளை முடிச்சுப் போடுகிறார் என்பது காதில் விழுந்தது. வேலையை அப்படியே விட்டுவிட்டு முதல் பாட்டிலிருந்து வைத்தேன்.

என் அனுபவத்தில், அவரை ராப்பர் என்று மட்டும் நினைத்துக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். அவர் அடிப்படையில் பீட், அதாவது ராப்புக்கு அடியில் ஓடும் இசையை, கட்டுகிறவர். பழைய இசைத்தட்டில் நாலு நொடித் துண்டு ஒன்றை வெட்டி, அதைச் சுழலவிட்டு, சம்பந்தமே இல்லாத இன்னொன்றை அதன்மேல் ஒட்டுவதுதான் அவர் கை பழகிய வேலை. வரிகளையும் அவர் அப்படித்தான் எழுதினார். தனக்குப் பெயர் வைத்துக்கொண்டதும் அப்படித்தான். வாழ்க்கை ஒருமுறை அடியோடு உடைந்தபோது அதைத் திரும்பச் சேர்த்ததும் அதே கைப்பழக்கத்தால்தான் என்று எனக்குத் தோன்றும்.

இயற்பெயர் டேனியல் டுமிலே. 1971இல் லண்டனில் பிறந்தார். அப்பா ஜிம்பாப்வேக்காரர், அம்மா டிரினிடாட்காரர். சிறுவயதிலேயே குடும்பம் அமெரிக்காவுக்குப் போய்விட்டதால் வளர்ந்ததெல்லாம் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில். டுமிலே என்ற குடும்பப் பெயரைச் சுருக்கி வீட்டிலும் தெருவிலும் ‘டூம்’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஆக, பின்னாளில் உலகமே பேசிய அந்தப் பெயர் காமிக்ஸ் புத்தகத்திலிருந்து முழுதாக எடுத்ததில்லை. பாதி வீட்டுச் செல்லப்பெயர். லண்டனில் பிறந்தார் என்பதையும் நினைவில் வையுங்கள், கடைசியில் அது வேலையைக் காட்டும்.

தம்பி டிங்கிலிஸ்வே, மேடைப் பெயர் சப்ராக். அண்ணனின் மேடைப் பெயர் அப்போது செவ் லவ் எக்ஸ். இருவரும் சேர்ந்து கேஎம்டி என்ற குழுவை நடத்தினார்கள். 1989இல் தேர்ட் பாஸ் என்ற குழுவின் ‘த கேஸ் ஃபேஸ்’ பாட்டில் செவ் லவ் எக்ஸ் ஒரு பகுதி பாடினார். அதைக் கேட்ட டான்டே ராஸ் என்பவர் கேஎம்டியை எலெக்ட்ரா என்ற பெரிய நிறுவனத்துக்குள் கொண்டுவந்தார். 1991இல் ‘மிஸ்டர் ஹூட்’ ஆல்பம் வெளியானது. அதில் ‘பீச்ஃபஸ்’ என்று ஒரு பாட்டு. நம் சொல்லில் அரும்பு மீசை. மீசை முளைக்காத பையன் பெண்களிடம் படும் பாடுதான் விஷயம். முகமூடிக்குள் கரகரத்த அந்த வில்லனின் குரலை மட்டும் கேட்டுப் பழகியவர்கள் இந்தப் பாட்டைக் கேட்டால் வேறு யாரோ என்று சத்தியம் செய்வார்கள். குரல் அவ்வளவு இளசு, அவ்வளவு குஷி.

அந்த ஆல்பத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. மிஸ்டர் ஹூட் என்பவர் நிஜ மனிதர் இல்லை. மொழி கற்றுத்தரும் பழைய இசைத்தட்டு ஒன்றில் வரும் விறைப்பான குரல் அது. அந்தத் தட்டிலிருந்து வாக்கியம் வாக்கியமாக வெட்டி, நடுவில் தாங்கள் பதில் பேசி, அந்த அப்பாவிக் குரலை ஆல்பம் முழுக்கத் தெருவில் சுற்றும் ஒரு கதாபாத்திரமாக்கிவிட்டார்கள். அண்ணனுக்கு அப்போது ஏறக்குறைய இருபது வயது. பதின்மூன்று வருடம் கழித்து ‘மேட்வில்லனி’யில் பழைய சினிமா வசனங்களும் கார்ட்டூன் குரல்களும் புகுந்து விளையாடுவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டவர்கள் இந்த ஆல்பத்தைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

1993 ஏப்ரலில், இரண்டாவது ஆல்பம் முடியும் தறுவாயில், சாலையைக் கடந்த சப்ராக் கார் மோதி இறந்தார். அவருக்கு வயது 19. அண்ணன் தனியாக உட்கார்ந்து ஆல்பத்தை முடித்தார். தலைப்பு ‘பிளாக் பாஸ்டர்ட்ஸ்’. அட்டைப் படத்தை அவரே வரைந்தார்: கறுப்பர்களைக் கேலி செய்ய வெள்ளையர்கள் உருவாக்கிய சாம்போ பொம்மை தூக்கில் தொங்குகிறது. அந்தக் கேலிச் சித்திரத்துக்கே மரண தண்டனை என்பதுதான் படத்தின் பொருள். ஆனால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குக் கறுப்பின உருவம் ஒன்று தூக்கில் தொங்குவது மட்டும்தான் கண்ணில் படும். இசைத்துறைப் பத்திரிகையில் கண்டனம் வந்தது. முந்தைய சில வருடங்களில் ராப் பாட்டுகளால் கிளம்பிய சர்ச்சைகளில் பெரிய நிறுவனங்களெல்லாம் ஏற்கெனவே பயந்துபோயிருந்த நேரம். 1994இல், வெளியீட்டுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது எலெக்ட்ரா கையைக் கழுவியது. மூல ஒலிப்பதிவு இருந்த மாஸ்டர் டேப்புகளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தம்பி போய் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தம்பியின் கடைசி வேலையும் இப்போது பெட்டிக்குள் போனது.

அடுத்த மூன்று நான்கு வருடங்கள் ஆள் இருந்த இடம் தெரியவில்லை. காசில்லாமல் நியூயார்க்கில் சுற்றியதையும், பெஞ்சில் படுத்துத் தூங்கிய இரவுகளையும் பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இனி, டூமைப் பற்றிப் பேசினாலே வரும் ‘அண்டர்கிரவுண்ட்’ என்ற சொல். இதை ரகசியம் என்றோ, பாதி வெந்தது என்றோ பலர் புரிந்துகொள்கிறார்கள். அது முதலில் ஒரு கொடுக்கல் வாங்கல் ஏற்பாடு. பெரிய நிறுவனம் கிடையாது, வீடியோவுக்குப் பணம் கிடையாது, பெரிய வானொலிகள் தொடாது. அதற்குப் பதிலாக, கொஞ்ச எண்ணிக்கையில் அச்சடித்த பன்னிரண்டு அங்குல இசைத்தட்டு, கல்லூரி வானொலி, தட்டு தேடி வரும் டிஜேக்கள், நாலு தெரிந்த கடைகள். கொலம்பியா பல்கலைக்கழக வானொலியில் நள்ளிரவு ஹிப்ஹாப் நிகழ்ச்சி நடத்திப் பெயர் வாங்கிய பாபிட்டோ கார்சியா 1995இல் ஃபாண்டில் எம் என்ற சின்ன லேபிளை, அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனத்தை, ஆரம்பித்தார். டூமின் மறுபிறவி அங்கேதான். 1997இல் ‘டெட் பென்ட்’ என்ற தட்டு வந்தது.

சின்ன அளவில் இயங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. 1991இல் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் அனுமதி கிடைக்காமலே பழைய பாட்டு ஒன்றிலிருந்து துண்டு வெட்டி எடுத்ததற்கு (இதைத்தான் சாம்பிள் என்பார்கள்) எதிராக நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பிறகு பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கிப் பணம் கட்ட வேண்டியதாயிற்று. ஒரே பாட்டில் ஐந்தாறு தட்டுகளை வெட்டி ஒட்டும் கலை அங்கே கட்டுப்படியாகாத கலை ஆனது. கொஞ்சம் தட்டு விற்கிறவன்மேல் வழக்குப் போட யாரும் மெனக்கெடுவதில்லை. அதனால் அந்தக் கலை கீழ்த்தளத்தில் பிழைத்துக் கிடந்தது. இது சட்டப்படி சரியா என்றால் இல்லை. ஆனால் இது தெரியாமல் டூமின் பீட்டுகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது புரியாது.

அந்தக் காலத்தில்தான் மன்ஹாட்டனில் உள்ள நுயோரிகன் பொயட்ஸ் கஃபேயின் திறந்த மேடையில் ஒருவர் பெண்கள் அணியும் காலுறையை முகத்தில் மாட்டிக்கொண்டு ராப் பாடிவிட்டுப் போனார். யார் என்று பலருக்குத் தெரியவில்லை. காலுறை பிறகு உலோக முகமூடியாயிற்று. மாதிரி யார் என்பதில் சந்தேகமே இல்லை: மார்வெல் காமிக்ஸில் வரும் டாக்டர் டூம், முகம் சிதைந்து, இரும்பு முகமூடி அணிந்து, உலகத்தின்மேல் வஞ்சம் வைத்திருக்கும் வில்லன். செல்லப்பெயரும் பொருந்தியது, நடந்த கதையும் பொருந்தியது. எம்எஃப் என்பதற்கு இரண்டு விரிவு: பாடும்போது மெட்டல் ஃபேஸ், பீட் கட்டும்போது மெட்டல் ஃபிங்கர்ஸ். பெயரை எல்லாமே பெரிய எழுத்தில்தான் எழுத வேண்டும் என்பது அவருடைய கறாரான உத்தரவு, அதற்கென்றே ‘ஆல் கேப்ஸ்’ என்று ஒரு பாட்டு உண்டு. தமிழில் எழுதுகிற எனக்கு அந்த வம்பு இல்லை. நம் எழுத்தில் பெரியது சின்னது கிடையாது.

முகமூடியை விளம்பரத் தந்திரம் என்று சொல்பவர்கள் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்க ராப் என்றால் பளபளக்கும் உடை, நகை, கோடிக்கணக்கில் வீடியோ. ஆளின் முகம்தான் சரக்கு. முகத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது, குரலும் சொல்லும் மட்டும்தானே, அதைக் கேளுங்கள் என்பது அவர் வாதம். கூத்தில் வேடம் கட்டியவர் மேடையில் இருக்கும்வரை ராஜாதான், ஊர்க்காரர் இல்லை. டூமும் ‘நான்’ என்று சொல்வதைவிட ‘அவன்’, ‘அந்த வில்லன்’ என்று தன்னைப் படர்க்கையில் சொல்வதுதான் அதிகம். தம்பியை இழந்த டேனியலால் சொல்ல முடியாததை அந்த வில்லனால் சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தது.

1999இல் வந்த ‘ஆபரேஷன்: டூம்ஸ்டே’யைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பீட்டுகள் பெரும்பாலும் அவருடையவை. அப்போது மற்ற தயாரிப்பாளர்கள், அதாவது பீட் கட்டுகிறவர்கள், அறுபது எழுபதுகளின் அபூர்வ ஜாஸ், ஃபங்க் தட்டுகளைத் தேடி அலைந்தார்கள். யாருக்கும் கிடைக்காத தட்டிலிருந்து எடுத்தால்தான் கெத்து. டூம் என்ன செய்தார்? எல்லார் வீட்டு வானொலியிலும் ஓடித் தேய்ந்த காதல் பாட்டுகளை எடுத்தார். ‘டூம்ஸ்டே’ பாட்டில் சுழல்வது ஷாடேயின் ‘கிஸ் ஆஃப் லைஃப்’. ‘ரைம்ஸ் லைக் டைம்ஸ்’ பாட்டில் குயின்சி ஜோன்ஸின் ‘ஒன் ஹண்ட்ரட் வேஸ்’. ‘கேஸ் டிரால்ஸ்’ பாட்டில் ஸ்டீலி டானின் ‘பிளாக் கவ்’. ‘ஹே!’ பாட்டுக்கு ஸ்கூபி டூ கார்ட்டூனின் இசை. மெழுகுவத்தி ஏற்றிவைத்துக் கேட்கிற பாட்டுகளை எடுத்து, மேலே சுத்தம் செய்யாத டிரம் ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஜலதோஷம் பிடித்தவர்போல ஒரு குரல். ஒலிப்பதிவு மங்கல். சுழலும் துண்டின் (லூப்) இரு முனைகள் சேரும் இடத்தில் சில சமயம் தையல் தெரிகிறது. மெருகேற்றத் தெரியாமல் விட்டதில்லை இது. பெரிய ஸ்டூடியோவில் அந்தத் தையலைத் தேய்த்து மறைத்திருப்பார்கள், பாட்டும் செத்திருக்கும்.

‘ரைம்ஸ் லைக் டைம்ஸ்’ முடியும்போது இன்னும் ஒரு வேடிக்கை. ராப் முடிந்துவிட்டது, பீட் ஓடிக்கொண்டே இருக்கிறது, லேபிள் முதலாளி பாபிட்டோ வந்து வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே போகிறார். எந்தப் பெரிய நிறுவனமும் இதை வெட்டியிருக்கும். இதிலோ பாட்டு உருவான அறையின் வாசனையே அந்த உளறலில்தான் இருக்கிறது.

இப்போது வரிகள். நமக்கு எதுகை, மோனை, இயைபு தெரியும் என்பதால் இதை விளக்குவது எளிது. சராசரி ராப்பில் வரியின் கடைசிச் சொல் மட்டும் இயையும். “ராத்திரி முழுக்க எழுதினேன் பாட்டு, காலையில பார்த்தா வாசலில் பூட்டு” என்பதுபோல. பாட்டு, பூட்டு, அவ்வளவுதான். டூம் செய்வது வேறு. ஒரு வரியின் ஒலி வரைபடத்தையே எடுத்து அடுத்த வரியின்மேல் வைப்பார். என்னால் முடிந்த அளவுக்கு ஒரு போலி: “ராத்திரி கிறுக்கின வரி, மாத்திரை நொறுக்கின மாதிரி, சாத்திரம் சறுக்கின இடத்துல சிரி.” முதல் சொல்லுக்கு முதல் சொல், நடுச் சொல்லுக்கு நடுச் சொல், ஈற்றுக்கு ஈறு என்று மூன்று அடுக்கில் ஒலி ஒட்டுகிறது. என்னுடையதில் பொருள் அரைகுறை, மன்னித்துவிடுங்கள். அவர் இதைப் பத்துப் பன்னிரண்டு வரிக்கு இழுப்பார். அதற்குள் ஒரு கதையும் ஒரு நக்கலும் ஒரு பழைய டிவி நிகழ்ச்சியின் பெயரும் வந்து போயிருக்கும்.

இன்னொரு குறும்பும் உண்டு. ஒரு கெட்ட வார்த்தைதான் இயைபாக வரப்போகிறது என்று நம் காதைத் தயார்ப்படுத்திவிட்டு, கடைசி நொடியில் அப்பாவியாக வேறு சொல்லைப் போடுவார். நம் வாயில் ஒரு சொல், அவர் வாயில் இன்னொரு சொல். சிலேடை பிடிக்கிறவர்களுக்கு இது கரும்பு. பீட்டில் ஒரு லூப்பை எதிர்பாராத இடத்தில் அறுக்கும் அதே கைதான் இங்கேயும் சொல்லை அறுக்கிறது.

2003, 2004 என்ற அந்த இரண்டு வருடங்களைப் பாருங்கள். ஐந்து ஆல்பங்கள், நான்கு பெயர்கள். காட்ஸில்லா படத்து மூன்று தலை ராட்சசனின் பெயரில் கிங் கீடோரா (‘டேக் மீ டு யுவர் லீடர்’). டாக்டர் டூமின் இயற்பெயரைத் திருகி விக்டர் வான் (‘வாடெவில் வில்லன்’, பிறகு ‘விவி 2’). மேட்லிப் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து மேட்வில்லன். பிறகு சொந்தப் பெயரில் ‘எம்எம்..ஃபுட்’. இதில் கிங் கீடோரா ஆல்பத்தில் அவர் பாடுவது கொஞ்சம்தான், பீட்டும் வடிவமைப்பும் அவருடையவை. மற்றவர்களை ராப் பாடவிட்டு இவர் பின்னால் உட்கார்ந்துகொள்கிறார். விக்டர் வான் ஆல்பத்தில் தலைகீழ்: பீட்டுகள் மற்றவர்களுடையவை, இவர் ராப்பர் மட்டும். ஐந்து ஆல்பத்துக்கும் ஐந்து வெவ்வேறு லேபிள்கள் என்பதையும் கவனியுங்கள். ஒரே ஆள் ஒரே வருடத்தில் ஒரே பெயரில் மூன்று ஆல்பம் விட்டால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும், ஒப்பந்தமும் இடிக்கும். நான்கு கதாபாத்திரங்கள் என்றால் நான்கு கடை திறக்கலாம். ஒரு நிறுவனம் ஒரே நாளில் தன் வாழ்க்கையைப் பூட்ட முடியும் என்று 1994இல் பார்த்தவர், எல்லா முட்டையையும் இனி ஒரே கூடையில் வைப்பாரா?

‘மேட்வில்லனி’ பிறந்த கதை தனி. கலிஃபோர்னியா தயாரிப்பாளர் மேட்லிப் பேட்டி ஒன்றில், தான் சேர்ந்து வேலை செய்ய ஆசைப்படுவது இன்னொரு தயாரிப்பாளரான ஜே டில்லா, டூம் என்ற இருவரோடுதான் என்று சொல்லிவைத்தார். அப்போது அவர் லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டோன்ஸ் த்ரோ லேபிளின் வீட்டில், பனிப்போர்க் காலத்து வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை ஒன்றை ஸ்டூடியோவாக்கிக்கொண்டு இருந்தார். டூமை விமானத்தில் வரவழைத்தார்கள். ஒப்பந்தம் காகிதத் தட்டு ஒன்றில் எழுதப்பட்டதாகச் சொல்வார்கள். மேட்லிப் கீழே அறையில் பீட் கட்டிக் குவிப்பார், டூம் அவற்றைக் கேட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்து எழுதுவார். இருவரும் ஒருவரோடொருவர் பேசியதே குறைவாம். சில பீட்டுகளை மேட்லிப் பிரேசில் போனபோது ஹோட்டல் அறையில் செய்தார். அங்கே வாங்கிய தட்டுகள், கையில் தூக்கிப்போகும் டர்ன்டேபிள் ஒன்று, துண்டுகளைப் பதிந்து ஓட்டும் பாஸ் எஸ்பி-303 என்ற சின்ன சாம்ப்ளர். அதில் நினைவகம் கொஞ்சம்தான். பொத்தானை அழுத்தினால் துண்டு ஓடும், விட்டால் நிற்கும். அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து வந்ததுதான் ‘ரெய்ட்’ பாட்டின் பீட்.

இடையில் ஒரு விபரீதம். வெளியீட்டுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் இருக்கும்போதே டெமோ, அதாவது முன்னோட்டப் பதிவு, இணையத்தில் கசிந்துவிட்டது. இருவரும் மனம் சலித்து வேறு வேலைகளுக்குப் போனார்கள். மேலே சொன்ன 2003 ஆல்பங்கள் வந்தது இந்த இடைவெளியில்தான். திரும்பி வந்து முடித்தபோது டூம் தன் குரலை மறுபடி பதிவு செய்தார். கசிந்த டெமோவில் குரல் துள்ளுகிறது, இறுதிப் பதிப்பில் அதே வரிகளைத் தாழ்ந்த குரலில், அவசரமே இல்லாமல் சொல்கிறார். இரண்டும் கேட்கக் கிடைக்கின்றன. சொல் பெரும்பாலும் மாறவில்லை, மூச்சு மாறியிருக்கிறது, அதனால் ஆளே மாறிவிட்டார். பாடல் பதிவு கற்கிறவர்களுக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்பதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

2004 மார்ச்சில் வெளியான அந்த ஆல்பத்தில் 22 பாட்டுகள், மொத்தம் 46 நிமிடம். கோரஸ் கிட்டத்தட்ட இல்லை. அமெரிக்க ஆல்பம் வரிசையான பில்போர்ட் 200 பட்டியலில் அது எட்டிய உயரம் 179ஆம் இடம். நீங்கள் கேட்ட “ஹிட் இல்லையே” என்பதற்கு இதுதான் கணக்கு. ஆனால் அதை வாங்கியவர்களில் கணிசமானோர் தாங்களே பீட் கட்டுகிறவர்கள், பாட்டு எழுதுகிறவர்கள். கோரஸ் இல்லாமலும் பாட்டு நிற்கும், வீட்டு மூலையில் ஒரு சாம்ப்ளரை வைத்துக்கொண்டும் ஆல்பம் செய்யலாம் என்று அவர்களுக்கு அது காட்டிக்கொடுத்தது. அடுத்த இருபது வருடங்களில் வந்த ராப்பில் அந்தப் பாதிப்பைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

‘எம்எம்..ஃபுட்’ என்பது எம்எஃப் டூம் என்ற எழுத்துகளையே கலைத்து அடுக்கிய பெயர். பாட்டுத் தலைப்பெல்லாம் சாப்பாட்டுச் சமாச்சாரம். பார்த்தால் விளையாட்டு, உள்ளே போனால் துரோகம், நட்பு, தொழில் பொறாமை. தயாரிப்பாளர் டூமைத் தனியாகக் கேட்க வேண்டுமென்றால் ‘ஸ்பெஷல் ஹெர்ப்ஸ்’ வரிசை இருக்கிறது, குரலே இல்லாத பீட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலிகை அல்லது மசாலாவின் பெயர். வூ-டாங் ராப் குழுவின் கோஸ்ட்ஃபேஸ் கில்லா 2006இல் தன் ‘ஃபிஷ்ஸ்கேல்’ ஆல்பத்துக்கு இவர் பீட்டுகள் பலவற்றை எடுத்துக்கொண்டார்.

2005இல் டேஞ்சர் மவுஸ் என்ற தயாரிப்பாளரோடு செய்த ‘த மவுஸ் அண்ட் த மாஸ்க்’ கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. எனக்கு அது சுமார்தான், கார்ட்டூன் சேனலோடு கைகோத்ததால் நகைச்சுவை சில இடங்களில் விளம்பரம்போல் இருக்கிறது. 2009இல் வந்த ‘பார்ன் லைக் திஸ்’ அதைவிட இருட்டானது, சில பாட்டுகள் அபாரம்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். 2007 வாக்கில் சில நிகழ்ச்சிகளில் முகமூடி போட்டுக்கொண்டு வேறு ஆள் மேடையேறி, ஒலிப்பதிவுக்கு வாயசைத்துவிட்டுப் போனார். ரசிகர்கள் கண்டுபிடித்துக் கத்தினார்கள். டூமிடம் கேட்டபோது மன்னிப்பெல்லாம் இல்லை. தான் எழுத்தாளர், இயக்குநர், அந்தப் பாத்திரத்தில் யாரை நடிக்கவைப்பது என்பது தன் முடிவு என்கிற தோரணையில் பேசினார். முகத்தை வைத்து வியாபாரம் செய்வதை எதிர்த்த ஆளின் தர்க்கத்தை முடிவுவரை இழுத்தால் இங்கேதான் வந்து நிற்கும், அது சரி. என்றாலும் அந்தத் தர்க்கத்துக்குச் சீட்டு வாங்கியவனிடம் காசு பிடுங்கியது எனக்கு இன்றும் ஒப்பவில்லை. ரசிகர்கள் அதைக் குறும்பு என்று கொண்டாடுவது முகமூடியின் மயக்கம்.

லண்டன் பிறப்பு வேலையைக் காட்டியது 2010இல். ஐரோப்பியச் சுற்றுப்பயணம் முடித்துத் திரும்பியவரை அமெரிக்கா உள்ளே விடவில்லை. சிறுவயதிலிருந்து வாழ்ந்த நாட்டில் அவர் கடைசிவரை குடியுரிமை பெற்றிருக்கவில்லை. பிறந்த ஊர் என்பதைத் தவிர ஒட்டுறவு அதிகமில்லாத பிரிட்டனில் மிச்ச வாழ்க்கை. 2012இல் ஜெனைரோ ஜாரெல் என்ற தயாரிப்பாளரோடு செய்த ‘கீ டு த கஃப்ஸ்’ ஆல்பத்தில் அந்த நாடு கடந்த வாழ்க்கையின் கசப்பும் லண்டன் வட்டாரச் சொற்களும் கலந்திருக்கின்றன. 2014இல் பதின்ம வயது ராப்பர் பிஷப் நேருவுக்காக ‘நெருவியன் டூம்’ ஆல்பத்தில் பீட் கட்டும் வேலைக்குத் திரும்பினார். பெயரில் உள்ள நேரு நம் பிரதமர் நேருதான். அரும்பு மீசைக்காரனாகத் தொடங்கியவர் இப்போது அதே வயதுப் பையன் ஒருவனுக்கு மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தார்.

2020 அக்டோபர் 31, ஊரெல்லாம் வேடம் போடும் ஹாலோவீன் நாளில், லீட்ஸ் நகரில் இறந்தார். வயது 49. குடும்பம் அதை வெளியே சொன்னது டிசம்பர் 31 அன்று. இரண்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை. ‘மேட்வில்லனி’யின் இரண்டாம் பாகத்துக்கு வருடக்கணக்காகக் காத்திருந்தவர்களுக்கு அன்று இரவோடு அந்தக் காத்திருப்பும் முடிந்தது.

எங்கிருந்து ஆரம்பிப்பது? ‘மேட்வில்லனி’யில் ஆரம்பிக்காதீர்கள், எனக்கு நடந்ததே உங்களுக்கும் நடக்கும். ‘எம்எம்..ஃபுட்’தான் வாசல். மெட்டு இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, ‘ராப் ஸ்னிட்ச் நிஷஸ்’ பாட்டின் கிட்டார் ஒரே நாளில் மண்டைக்குள் குடியேறிவிடும். ஆங்கிலம் வேகமாக ஓடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம், முதல் வாரம் பொருளை விட்டுவிட்டு ஒலியை மட்டும் பின்தொடருங்கள். எந்த ஒலி எங்கே திரும்பி வருகிறது என்று கை தானாகத் தாளம் போடும். பிறகு ‘ஸ்பெஷல் ஹெர்ப்ஸ்’ ஒன்றிரண்டு. பிறகு ‘மேட்வில்லனி’யை நடுவில் நிறுத்தாமல், ஒரே அமர்வில். அதற்கப்புறம் ‘ஆபரேஷன்: டூம்ஸ்டே’.

அந்த ஆல்பத்தின் கடைசிப் பகுதியில் ஒரு பாட்டு இருக்கிறது, தலைப்பு வெறும் ஒரு கேள்விக்குறி. அதுவரை வில்லனாகவே பேசியவர் அதில் தம்பியிடம் நேராகப் பேசுகிறார். சேர்ந்து தொழுததையும், சேர்ந்து போய்த் தோல் ஜாக்கெட் வாங்கியதையும் சொல்கிறார். முகமூடி அங்கே கொஞ்ச நேரம் கழன்று கிடக்கிறது. ‘பீச்ஃபஸ்’ பாட்டில் அந்த இரண்டு பையன்களின் குரலையும் ஒருமுறை கேட்டுவிட்டு அதற்குப் போங்கள்.